பங்குனியில் தோட்டம் பார்க்கப் போவோம்: மலைநாட்டுப் பூங்காக்களும் நம் திருகோணமலை வளவுகளும்

வேப்பமரத்தடி

வணக்கம் எல்லோருக்கும்.

பங்குனிக் கடைசியில் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து வான் பிடித்துத் தோட்டம் பார்க்கப் போகிறோம். பேராதனையும் ஹக்கலையும் உறுதி. சீகிரியாவில் மலை ஏறாமல் கீழே இருக்கும் நீர்த் தோட்டத்தை மட்டும் ஆறுதலாகச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. நாள் மிஞ்சினால் பெந்தோட்டைப் பக்கம் போய் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் லுணுகங்கத் தோட்டத்தையும், அவருடைய தமையன் பெவிஸ் பாவாவின் பிரீஃப் தோட்டத்தையும் பார்க்கலாம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள். எந்த நேரம் நல்லது, எங்கே கூடுதல் நேரம் வைக்க வேண்டும், வயதானவர்கள் எங்கே சிரமமில்லாமல் நடக்கலாம்? அம்மாவும் மாமியும் வருகிறார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நம் ஊரிலேயே மதிலுக்குப் பின்னால் இருக்கிற வளவுகளை யாராவது சரியாகப் பார்த்திருக்கிறீர்களா? ஓர்ஸ் ஹில் பக்கம் ஒரு பழைய வீட்டுப் படலை திறந்து கிடந்த நேரம் நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். முற்றம் முழுக்க வெள்ளை மணல். விடியவே ஈர்க்கு விளக்குமாறால் கூட்டிய கோடு வரி வரியாகத் தெரிந்தது. கிணற்றிலிருந்து தண்ணீர் வழிந்து ஓடும் வாய்க்கால் நெடுகக் கனகாம்பரம், அதன் முடிவில் வாழை, வாழைக்குப் பின்னால் கூரை உயரத்துக்கு ஒரு நந்தியாவட்டை. ஒரு வாளி தண்ணீர் கூட வீணாகாத மாதிரி யாரோ யோசித்து வைத்த தோட்டம் அது. நூறு மைல் தாண்டிப் போய்ப் பூ பார்க்கிற நாங்கள் பக்கத்துத் தெருவில் இருப்பதைப் பார்க்காமலே இருக்கிறோம். வெளிநாடுகளில் வசந்த காலத்தில் வீட்டுக்காரர்களே ஒரு நாள் தோட்டத்தைத் திறந்து விடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். இங்கே அப்படிச் செய்ய முடியாதா?

தம்பலகாமத்தான்

நல்ல யோசனை அக்கா. முதலில் பயணத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

சித்திரை வருஷப் பிறப்புக்கு முன்பே மலைநாட்டை முடித்துக் கொள்ளுங்கள். ஏப்ரல் வந்துவிட்டால் நுவரெலியாவில் சீசன். அறை வாடகை ஏறிவிடும், ஹக்கல போகும் வீதியில் வாகனம் நகராது. தோட்டத்தில் பூவைவிடச் சனம்தான் கூடத் தெரியும். பங்குனிக் கடைசியில் வார நாளில் போனால் சீசனுக்கு வைத்த பூக்கள் விரியத் தொடங்கியிருக்கும், நடக்கவும் இடம் இருக்கும்.

பேராதனைக்குக் குறைந்தது அரை நாள் வையுங்கள். 147 ஏக்கர். மூன்று பக்கமும் மகாவலி வளைத்துக்கொண்டு ஓடுகிறது. 1821இல் அலெக்சாண்டர் மூன் காலத்தில் தொடங்கிய தோட்டம். எல்லோரும் ஓர்க்கிட் வீட்டுக்குள் போய்ப் படம் எடுத்துவிட்டுக் களைத்துப் போய் வெளியே வருவார்கள். நீங்கள் அதைக் கடைசியில் வையுங்கள். காலை வெயில் ஏறுமுன் ஆற்றங்கரைப் பக்கம் ராட்சத மூங்கில்களைப் பாருங்கள். மழைக் காலத்தில் அதன் முளை ஒரு நாளிலேயே ஓர் அடி வரை உயரும். பிறகு புல்வெளியில் குடை மாதிரிப் படர்ந்திருக்கும் அந்தப் பெரிய ஜாவா அத்தி. அதன் வேர்கள் தரைக்கு மேலே பாம்பு மாதிரி நெளிந்து கிடக்கும். அம்மாவையும் மாமியையும் அங்கே நிழலில் இருத்திவிட்டு நீங்கள் ஒரு சுற்றுச் சுற்றலாம்.

நாகலிங்க மரத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம். 1901இல், பிற்காலத்தில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவரும் மேரி அரசியும் நட்டது. பூ கிளை நுனியில் வராது, அடிமரத்தில் கொத்துக் கொத்தாக விடும். உள்ளே குனிந்து பாருங்கள், சின்ன லிங்கமும் மேலே குடை பிடித்த நாகமும் தெரியும். எங்கள் ஆச்சி அந்த மரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார்.

ஹக்கல நுவரெலியாவிலிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவில், வெலிமடை வீதியில். 1861இல் மலேரியா மருந்துக்காகச் சிங்கோனா வளர்க்கத் தொடங்கிய இடம், இன்றைக்கு ரோசாவுக்குப் பேர் போனது. ஐயாயிரம் அடிக்கு மேலே. பிற்பகலில் புகார் இறங்கிவிடும், காலையிலேயே போங்கள். பக்கத்தில் சீதா எலியவில் சீதை அம்மன் கோயில். அந்தப் பகுதியைத்தான் சனம் அசோக வனம் என்கிறது. மாமி அங்கே போகாமல் திரும்பமாட்டார்!

குளத்துக்கட்டு

தங்கச்சி, சீகிரியாவைப் பற்றி நான் சொல்கிறேன். வேலை செய்த காலம் முழுக்க வாய்க்காலோடும் துருசோடும் இருந்தவன். அந்தத் தோட்டத்தைப் பார்க்கும்போது எனக்குக் கை அரிக்கும்.

ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் செய்தது. மேற்கு வாசலால் உள்ளே போனால் நேர்கோட்டில் ஒரு நடை. அதன் இரண்டு பக்கமும் இருப்பது ஒன்றுக்கொன்று கண்ணாடி வைத்த மாதிரி. முதலில் நாலு பக்கமும் நீர் சூழ்ந்த நடுத்திட்டு. அடுத்தது ஆழமில்லாத, பாம்பு மாதிரி வளைந்த ஓடைகள். அங்கேதான் நீங்கள் நிற்க வேண்டும். தரையில் வட்டமான சுண்ணாம்புக்கல் பலகைகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒழுங்காகத் துளை போட்டிருக்கும். அவைதான் நீரூற்றுகள். மேட்டில் தேங்கிய நீர் நிலத்தடிக் குழாயால் இறங்கி வரும்போது ஏற்படும் அழுத்தத்தில், மோட்டர் ஒன்றும் இல்லாமல், இந்தத் துளைகளால் மேலே எழும்பும். ஆயிரத்தைந்நூறு வருஷம் கழித்தும் நல்ல மாரியில் அவை வேலை செய்கின்றன. பங்குனியில் எழும்பாது, காய்ந்துதான் இருக்கும். ஆனால் காய்ந்திருக்கும்போதுதான் கல்லையும் துளையையும் குனிந்து பார்க்கலாம். அதற்கும் அப்பால் மலையடியில் பெரிய பாறைகளை அப்படியே விட்டு நடுவால் பாதை வளைத்த பாறைத் தோட்டம். கட்டம் போட்ட தோட்டத்திலிருந்து அதற்குள் நுழையும்போது கால் தானாக மெதுவாகும்.

நம் ஊரிலிருந்து ஹபரணை வழியாக ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இருட்டோடு வெளிக்கிட்டால் வெயிலுக்கு முன் பார்த்துவிடலாம். போகிற வழியில் கந்தளாய்க் குளக்கட்டில் வானை நிறுத்துங்கள். தோட்டம் என்றால் முதலில் தண்ணீர் என்பதைப் பிள்ளைகள் அங்கே பார்க்கட்டும்.

வெள்ளவத்தைப்பிள்ளை

நான் திருகோணமலையில் பிறந்து கொழும்பில் வேலை செய்கிறவள். லுணுகங்கவுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போவேன்.

அக்கா, பூ பார்க்கிற எண்ணத்தோடு அங்கே போகாதீர்கள். பூ குறைவு. பச்சையும் நிழலும் தண்ணீரும்தான். 1948இல் ஜெஃப்ரி பாவா அந்தப் பழைய தோட்டத்தை வாங்கியபோது அவர் வழக்கறிஞர், கட்டடக்கலை படித்ததே அதற்குப் பிறகுதான். 2003இல் இறக்கும் வரை அதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். வீட்டிலிருந்து தெற்கே பார்த்தால் கறுவா மேடு, அதன் மேல் ஒரு மரத்தடியில் பெரிய சாடி, அதற்கு நேரே தூரத்தில் வெள்ளையாக ஒரு தாதுகோபம். அந்த மூன்றும் ஒரே கோட்டில் வருவதற்காக மேட்டின் உச்சியையே வெட்டித் தாழ்த்தியிருக்கிறார். வாவிப் பக்கத்து அரலியா (ஈழத்தலரி) மரத்தின் கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டுத் தான் நினைத்த பக்கம் வளைத்தார் என்று கூட்டிக்கொண்டு போகிறவர்கள் காட்டுவார்கள். அந்த மரத்தடியில் நின்று பார்த்தால் கிளை ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று விளங்கும்.

பிரீஃப் வேறு மாதிரி. பெவிஸ் பாவா 1929இல் தொடங்கியது. சின்னச் சின்ன அறைகள் மாதிரி மூங்கிலாலும் குரோட்டனாலும் பிரித்த இடங்கள், மூலைக்கு மூலை சிலைகள், படிகளில் பாசி. ஈரமாக இருந்தால் வழுக்கும். அம்மாவுக்குக் கைத்தடி கொடுத்து விடுங்கள்.

என் மனதுக்குப் பட்டதைச் சொல்கிறேன். அரசாங்கப் பூங்காவில் மரத்தைப் பார்க்கிறோம். தனியார் தோட்டத்தில் அதை வைத்த ஆளையும் சேர்த்துப் பார்க்கிறோம். இந்த மரத்தை ஏன் வெட்டாமல் விட்டார், இந்த இருக்கையை ஏன் இந்தப் பக்கம் போட்டார் என்று கேட்டுக்கொண்டே நடப்பதில்தான் எனக்கு ருசி. அந்த ருசி நம் ஊர் வளவிலும் உண்டு. அதனால் அக்காவின் இரண்டாவது கேள்விதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

உப்புவெளியான்

யோசனை நல்லதுதான், ஆனால் நம் ஊரில் வசந்தம் எங்கே இருக்கிறது? ஐப்பசியில் தொடங்கித் தை வரை மழை, பிறகு வெயில், வைகாசியில் கச்சான் காற்று வந்தால் இலை கருகிப் போகும். இங்கிலாந்தில் போலப் பனி உருகிப் பூ வருகிற கதை இல்லை. சித்திரையில் என் வளவைத் திறந்தால் வருகிறவர்கள் புழுதியைத்தான் பார்ப்பார்கள். உப்புக் காற்றிலும் கடல் மணலிலும் நாங்கள் படும் பாடு மலைநாட்டுக்காரனுக்குத் தெரியாது.

வேப்பமரத்தடி

அண்ணா, புழுதி வரும் முன் ஒரு காலம் இருக்கிறதே. மாசி நடுவிலிருந்து பங்குனி முடியும் வரை. மாரி மண்ணில் விட்ட ஈரம் இன்னும் இருக்கும், கிணற்றில் தண்ணீர் மேலே நிற்கும், வெயில் சுடத் தொடங்கியிருக்காது. வேம்பு அப்போதுதான் பூக்கும். எங்கள் வளவில் விடிவெள்ளியோடு பாயை விரித்து விட்டால் ஆறு மணிக்குள் பாய் தெரியாது. அதைப் பொறுக்கி, பொடித் தண்டு புடைத்து, உளுந்தோடு சேர்த்து அம்மா வடகம் தட்டுவார். அந்த நாட்களில் தெரு முழுக்க ஒரு கசப்பு வாசம் இருக்கும். முருங்கை பூக்கும், புங்கை பூக்கும், மாமரங்களில் பிஞ்சு தொங்கும், சித்திரை பிறக்கக் கொன்றை மஞ்சளாகச் சரம் விடும். இதற்கு மேல் வசந்தம் என்று எதைக் கேட்கிறீர்கள்? அதன் நாட்கள் குறைவு, அவ்வளவுதான். குறைவாக இருப்பதால்தான் நாள் குறித்துத் திறக்க வேண்டும் என்கிறேன்.

பொழில்

உப்புவெளி அண்ணாவுக்கு ஒரு பழைய சாட்சி தருகிறேன். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் நம் கோணேசர் மீது பாடிய பதிகத்தில் ஒரு பாட்டு முழுக்கத் தோட்டம்தான். மௌவல், மாதவி, புன்னை, வேங்கை, செருந்தி, செண்பகம், குருந்து, முல்லை. எட்டையும் வரிசையாகச் சொல்லி, இவை கொடிவிடும் பொழில் சூழ்ந்த கோணமாமலை என்கிறார். அவர் இராமேஸ்வரத்தில் நின்றபடியே பாடினார் என்பது மரபு. கண்ணால் காணாதவர் காதிலும் விழும் அளவுக்கு இந்த மலையைச் சுற்றிய சோலைக்குப் பேர் இருந்திருக்கிறது.

அந்தக் கோணேசர் கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்துக் கோட்டை கட்டினார்கள். சோலையும் போயிற்று. இன்றைக்குக் கோட்டை வாசலால் ஏறிப் போகிற வழியில் ஆலும் வேம்பும் பெரிதாக நிற்கின்றன, புள்ளிமான் படுத்திருக்கிறது. பாட்டில் உள்ள எட்டையும் ஒரே இடத்தில் பார்க்க முடியாது.

எனக்கு இருக்கும் ஆசை இது. நம் வளவுகளிலும் பற்றைகளிலும் இவற்றில் பல சிதறிக் கிடக்கின்றன. புன்னை கடற்கரை வளவுகளில் உண்டு, உப்புக் காற்றுக்கு அசையாது. முல்லையும் மௌவலும் பந்தலில் உண்டு. குருந்து மூதூர்ப் பக்கத்துப் பற்றைகளில் நிற்கிறது. மாதவியைக் குருக்கத்தி என்பார்கள், காட்டோரத்தில் கொடியாகப் படரும். செண்பகத்துக்குத்தான் நிழலும் ஈரமும் வேண்டும், கிணற்றடியில் வைத்தால் வரும். யார் வளவில் எது இருக்கிறது என்று ஒரு கணக்கு எடுத்தால், தோட்டம் பார்க்கப் போகிறவர்கள் அந்த எட்டையும் ஒரே நாளில் தேடிப் பார்த்துவிட்டு வரலாம். பிள்ளைகளுக்குப் பதிகம் மனப்பாடம். பூவில் பாதியை அவர்கள் கண்டதில்லை.

சம்பூர்க்காரி

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பொழில் எழுதியதைப் பார்த்ததும் எழுத வேண்டும் போல் இருந்தது.

2006 ஏப்ரலில் யுத்தத்தால் நாங்கள் சம்பூரை விட்டு வெளிக்கிட்டபோது மாமரத்தில் காய் இருந்தது. பிறகு முகாம், வாடகை வீடு, முகாம். 2015இல் காணிகள் விடுபடத் தொடங்கிய பிறகு திரும்பிப் போனால் வீடு இருந்த இடம் தெரியவில்லை. பற்றைக்காடு. அப்பா கத்தியால் வெட்டிக்கொண்டு முன்னால் போனார். ஒரு இடத்தில் நின்று கையைக் காட்டினார். கிளுவை மரங்கள் ஒரே நேர்கோட்டில் நின்றன. நாங்கள் வேலிக்கு நட்ட கதியால்கள் அவை. பார்ப்பார் இல்லாமல் வேர் பிடித்து மரமாகிவிட்டன. அந்தக் கோட்டைப் பிடித்து நடந்துதான் மூலையைக் கண்டோம், மூலையிலிருந்து கிணற்றைக் கண்டோம், கிணற்றிலிருந்து அடுப்படி எங்கே இருந்தது என்று அம்மா சொன்னார்.

செவ்வரத்தை ஒன்று உயிரோடு இருந்தது. ஐந்திதழ்ச் சிவப்பு, பழைய சாதி. கடையில் இப்போது வாங்குகிற அடுக்குச் செவ்வரத்தை அந்தக் காட்டில் ஒரு மாரி தாண்டியிருக்காது. அதிலிருந்து தடி முறித்து நாங்கள் புது வேலி முழுக்க வைத்திருக்கிறோம். பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தோம். இப்போது எங்கள் ஒழுங்கை முழுக்க அந்தச் செவ்வரத்தைதான்.

தோட்டம் பார்க்க வருகிறவர்கள் எங்கள் பக்கமும் வர வேண்டும். அழகான வளவு என்று சொல்லமாட்டேன், மரங்கள் இன்னும் சின்னன். ஆனால் கிளுவைக் கோட்டை அப்பா வெட்டவிடவில்லை. அதைப் பார்க்கலாம்.

வேப்பமரத்தடி

தங்கச்சி, வருவோம். மலைநாட்டுக்குப் போகிறோமோ இல்லையோ, சம்பூருக்கு வருவோம்.

லண்டன்_நிலாவெளி

ஊரில் இப்படி ஒரு பேச்சு நடக்கிறது என்று என் மச்சாள் அனுப்பினாள். நான் இங்கே வசந்த காலத்தில் தவறாமல் இந்தத் திறந்த தோட்டங்களுக்குப் போகிறவள். அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

இங்கே 1927இல் தொடங்கினார்கள். அப்போது இலவச வைத்திய சேவை கிடையாது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் தாதிமாருக்குப் பணம் சேர்க்க வேண்டியிருந்தது. எல்சி வாக் என்ற பெண்மணி, அழகான தோட்டம் வைத்திருப்பவர்கள் ஒரு நாள் திறந்து விடட்டும், ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கலாம் என்று யோசனை சொன்னார். முதல் வருஷமே 609 தோட்டங்கள் திறந்தன, 8,000 பவுணுக்கு மேல் சேர்ந்தது. அரசர் கூடத் தன் சாண்ட்ரிங்காம் தோட்டத்தைத் திறந்தார். இன்றைக்கும் அதே ஒழுங்குதான், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 3,000க்கும் மேற்பட்ட தோட்டங்கள். அமெரிக்காவில் வேர்ஜினியாவிலும் 1929இலிருந்து ஒவ்வொரு ஏப்ரலும் பழைய வீட்டுத் தோட்டங்களைத் திறக்கிறார்கள். அந்தப் பணத்தில் அங்குள்ள சரித்திரத் தோட்டங்களைப் பழையபடி சீர்செய்கிறார்கள்.

பெரிய மாளிகைகள் என்று நினைக்க வேண்டாம். நான் போனதில் எனக்குப் பிடித்தது வரிசை வீடு ஒன்றின் பின்பக்கம். நம் வீட்டு விறாந்தை அளவுதான் இருக்கும். ஓய்வு பெற்ற பஸ் சாரதி. சுவர் முழுக்கக் கொடிப்பயறும் ரோசாவும். நுழையும் இடத்தில் மகள் காசு வாங்கினாள், மனைவி தேத்தண்ணியும் கேக்கும் விற்றார், ஒரு மேசையில் கன்றுகள் விற்பனைக்கு. அவர் ஒவ்வொரு செடியாகக் காட்டி, இதை யார் தந்தார், எது இரண்டு முறை செத்துப் பிழைத்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் யாரும் போகவில்லை. பக்கத்துப் பாதையால் போய் அதே பாதையால் வந்தோம்.

இங்கே சில கிராமங்களில் பல வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் திறப்பார்கள். ஒரு வீட்டில் ரிக்கெட் வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் நடந்தே பார்க்கலாம். நம் ஊருக்கு இதுதான் சரி வரும். தனி வீடு என்றால் கூச்சம், ஒழுங்கையே திறந்தால் திருவிழா மாதிரி.

கிண்ணியா_ஆசிரியர்

நல்ல விஷயம் பேசுகிறீர்கள். நடைமுறைச் சிக்கல்களையும் பார்ப்போம்.

எங்கள் கிண்ணியாவில் வளவு என்றால் அது பெண்களின் இடம். உம்மாவும் தங்கச்சிமாரும் தலையில் துணி இல்லாமல் கிணற்றடியில் நிற்கிற இடம். அங்கே முன்பின் தெரியாத ஆட்கள் வந்து போவதை வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பெண்களுக்கு மட்டும் என்று ஒரு காலை நேரம் வைத்தால் எங்கள் வீட்டில் நாளைக்கே சம்மதிப்பார்கள். உம்மாவின் மல்லிகைப் பந்தலை நான் சொல்லவில்லை, பார்த்தவர்கள் சொல்லட்டும். பழமரங்களாகக் கொய்யாவும் மாதுளையும் வைத்திருக்கிறார். மாதுளை பங்குனியில் பூவும் காயுமாக நிற்கும்.

அடுத்தது, படம் எடுத்து முகநூலில் போடுவது. வீட்டுக்காரரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். மூன்றாவது, தடி முறிப்பது. நம் ஆட்கள் நல்ல குரோட்டனைக் கண்டால் கை சும்மா இருக்காது. அதற்கு லண்டன் தங்கச்சி சொன்ன கன்று மேசைதான் மருந்து. வீட்டுக்காரரே முன்கூட்டிப் பையில் பதியம் வைத்து விற்றால் யாரும் முறிக்கமாட்டார்கள்.

உப்புவெளியான்

சரி, காலத்தைப் பற்றி அக்கா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். மாசிப் பங்குனி என்றால் என் வளவும் பார்க்கக்கூடியதுதான். ஆனால் தண்ணீரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதைக் கேட்டுவிட்டுப் பலர் அவசரமாகப் புல்தரை போடப் பார்ப்பார்கள்.

கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கும் மெல்லிய படை. மாரி அதை நிரப்புகிறது. மோட்டரைப் போட்டு விடாமல் இழுத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். ஒருதரம் ஏறினால் அடுத்த மாரி வரை கறிவேப்பிலை கூட வராது. 2004 சுனாமிக்குப் பிறகு இதை நாங்கள் கண்ணால் கண்டோம். கடல் வந்து கிணறுகளை நிரப்பியது. சுத்தம் செய்கிறோம் என்று திரும்பத் திரும்ப இறைத்த கிணறுகள் இன்னும் உவர்த்தன. பொறுத்து, மழைக்கு விட்ட கிணறுகள் மெல்ல மெல்லத் திரும்பின. என் வளவில் தேசி, வாழை, மாமரம் எல்லாம் ஒரு மாதத்துக்குள் போயின. தென்னை நின்றது, பூவரசு நின்றது, புன்னை ஒரு இலை கூட உதிர்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் தோட்டம் வைத்த முறையே மாறிவிட்டது. ஒவ்வொரு மரத்தடியிலும் பள்ளம் வெட்டிப் பொச்சு மட்டையை நார்ப்பக்கம் மேலே இருக்க அடுக்கி, மேலே மாட்டெருவும் சருகும். மட்டை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிக்கிற தண்ணீர் வாழைக்கு, அரிசி கழுவுகிற தண்ணீர் மல்லிகைக்கு. மோட்டர் காலையில் கொஞ்ச நேரம், மிச்சம் வாளிதான். காற்றுப் பக்கம் பூவரசு, அதற்கு உள்ளே போகன்வில்லா, அதற்கு உள்ளேதான் மெல்லிய செடிகள். வருகிறவர்களுக்குப் பூவைக் காட்டுவதைவிட இந்த மட்டைப் பள்ளத்தைக் காட்டவே எனக்கு விருப்பம். எல்லோருக்கும் சம்மதம் என்றால் என் வளவைத் திறக்கிறேன்.

கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள். இரவில் மான் இறங்கி வந்து செவ்வரத்தைத் தளிரையும் ரோசாவையும் மொட்டையடித்துவிடும். திறக்கிற நாளுக்கு முதல் இரவு படலையைக் கட்டாயம் பூட்டுங்கள்.

குளத்துக்கட்டு

உப்புவெளித் தம்பி சொல்வது நூறு வீதம் சரி. சீகிரியாவிலும் அதே பாடம்தான், இருக்கிற தண்ணீரை அறிந்து தோட்டம் வைத்தார்கள்.

வரிசையில் இன்னும் ஒரு இடத்தைச் சேருங்கள். நிலாவெளி வீதியில் இருக்கும் பொதுநலவாய யுத்த மயானம். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைகள். பலர் வாசலைக் கடந்து போயிருப்பார்கள், இறங்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். கல்லுக்குக் கல் இடையில் சின்னப் பூச்செடிகள், வெட்டிய புல், பெரிய மரங்களின் நிழல். நம் ஊர் ஆட்கள்தான் பராமரிக்கிறார்கள். இந்த மண்ணில் இந்த வெயிலில் ஒரு தோட்டத்தை வருஷம் முழுக்க எப்படி ஒழுங்காக வைத்திருக்கலாம் என்று அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்டால் அத்தனை பேரும் ஏதாவது கற்றுக்கொள்வோம். சத்தம் போடாமல், மரியாதையோடு போக வேண்டும்.

வேப்பமரத்தடி

எல்லோருக்கும் நன்றி. பேசியதை வைத்து நான் இப்படி யோசிக்கிறேன், சரியில்லை என்றால் திருத்துங்கள்.

மலைநாட்டுப் பயணம் பங்குனிக் கடைசி வாரம், வார நாளில். சீகிரியா, பேராதனை, ஹக்கல. தெற்கை இந்த முறை விடுகிறோம். லுணுகங்கவை அவசரமாகப் பார்த்து என்ன பயன்? அதற்குத் தனியாக வருகிறோம், வெள்ளவத்தைப்பிள்ளை வீட்டில் தங்கி.

அதற்கு முன், மாசிக் கடைசிச் சனிக்கிழமை நம் வளவுகள். உப்புவெளியில் அண்ணாவின் ஒழுங்கையிலிருந்து தொடங்குவோம். அந்த ஒழுங்கையில் இன்னும் இரண்டு வீட்டாரை அண்ணா கேட்டுப் பார்க்க வேண்டும். காலை ஏழிலிருந்து பத்து வரை, அதற்குப் பிறகு வெயில். வீட்டுக்குள் யாரும் போவதில்லை, கேட்காமல் படம் இல்லை, தடி முறிப்பதில்லை. கன்று மேசை உண்டு. கிண்ணியாவில் ஆசிரியரின் உம்மா சம்மதித்தால் அடுத்த சனிக்கிழமை பெண்களுக்கு மட்டும். சம்பூர் அதற்கு அடுத்தது. மாமரங்கள் வளரும் வரை காத்திருக்கத் தேவையில்லை, கிளுவைக் கோட்டைப் பார்க்கத்தான் வருகிறோம்.

காசு சேர்ந்தால் யாருக்கு என்பதை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்வோம். தனியாக இருக்கும் முதியவர்களின் கிணற்றுக்கட்டுத் திருத்தவும் வளவு துப்பரவாக்கவும் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். ஓர்ஸ் ஹில் வீட்டு அம்மாவையும் போய்க் கேட்டேன். வயது எண்பதுக்கு மேல், தனியாகத்தான் இருக்கிறார், இன்னும் தானே கூட்டுகிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றார். பிறகு கூப்பிட்டு, வருகிறவர்கள் கூட்டிய மணலில் செருப்போடு நடக்கக் கூடாது, அது ஒன்றுதான் என்றார்.

பொழில்

எட்டுப் பூவின் கணக்கை நான் எடுக்கிறேன். உங்கள் வளவில் புன்னை, செண்பகம், வேங்கை, குருந்து, மாதவி எது இருந்தாலும் இங்கே எழுதுங்கள். செருந்தி எங்கே நிற்கிறது என்று யாருக்காவது தெரிந்தால் முதலில் எழுதுங்கள், எனக்கு அது ஒன்றுதான் இன்னும் அகப்படவில்லை.

சம்பூர்க்காரி

செருந்தியை அப்பாவிடம் கேட்டேன். கட்டைபறிச்சான் பக்கத்துப் பற்றைக்காட்டில் மஞ்சளாகப் பூக்கிற ஒரு சின்ன மரத்தைத் தன் தாயார் செருந்தி என்று சொன்னது ஞாபகம் என்கிறார். மாசியில் பூத்தால் இலையோடு ஒரு கொப்பைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன், நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். செவ்வரத்தைத் தடி எத்தனை வேண்டும் என்று இப்போதே சொன்னால் பையில் பதியம் வைக்கலாம், வேர் விடக் கொஞ்ச நாள் எடுக்கும்.

உப்புவெளியான்

எனக்குப் பத்து. பக்கத்து இரண்டு வீடும் சம்மதம். ஒரு வீட்டில் பழைய செண்பகம் நிற்கிறது, பொழில் தம்பி கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.